வீட்டில் செய்யும் ஃபோனோ ப்ரீஆம்ப்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிவந்து பல வருடம் ஆகிவிட்டது. வரும்போது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்தவர்கள்கூட இசைத்தட்டுகளை மட்டும் விடவில்லை. அலமாரிக்கு மேலே பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பாவோ தாத்தாவோ ஈப்போவில் வாங்கியவை அவை. எங்கள் அப்பாவின் தட்டுகளை மறுபடி பாட வைக்கத்தான் நான் ஃபோனோ ப்ரீஆம்ப் செய்யும் வேலையில் இறங்கினேன். இசைத்தட்டு பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் நின்று சத்தத்தைப் பெருக்கித் தரும் சின்னப் பெட்டி அது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒரு பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, ப்ரீஆம்ப் எதற்கு? பிளேயரை நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகினால் பாடாதா?

பாடும், ஆனால் கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல் கேட்கும். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னத் துண்டுக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். காந்தம் வைத்த கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 4 மில்லிவோல்ட். ஒரு சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட் வரை. அதாவது 500 மடங்கு வித்தியாசம். முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. தட்டை வெட்டும்போதே கனத்த ஒலிகளைக் குறைத்தும் கீச்சொலிகளை உயர்த்தியும்தான் வெட்டுகிறார்கள். தவில் சத்தத்தை அப்படியே வெட்டினால் ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். ஒரு பக்கத்தில் இத்தனை நிமிடப் பாட்டு அடங்காது. கீச்சொலியை உயர்த்தி வெட்டினால், திரும்பக் கேட்கும்போது அதைக் குறைக்கலாம். கூடவே தட்டின் ‘உஸ்’ சத்தமும் குறையும். இந்தக் கணக்குக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று பெயர். 1954-ல் அமெரிக்காவில் வகுத்தார்கள், பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் ஏற்ற வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் இறக்க வேண்டும். ப்ரீஆம்ப் சத்தத்தைப் பெருக்குவதோடு இந்த ஏற்ற இறக்கத்தையும் செய்கிறது. இதைச் சரியாகச் செய்யாத ப்ரீஆம்பில் சத்தம் வரும், பாட்டு வராது.

தாத்தாவின் பழைய ரேடியோகிராமில் உள்ள பிளேயருக்கும் இதையே செய்யலாமா?

முதலில் கார்ட்ரிட்ஜ் என்ன வகை என்று பாருங்கள். ரேடியோவும் பிளேயரும் ஒரே பெட்டியில் உள்ள பழைய ரேடியோகிராம்களிலும், தட்டுகளைத் தானாக ஒன்றன்மேல் ஒன்று போடும் பிளேயர்களிலும் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். இந்த வளைவும் அதற்குத் தேவையில்லை. இந்த ப்ரீஆம்பில் கொடுத்தால் காது கிழியும், பாட்டு சிதறும்.

கண்டுபிடிப்பது சுலபம். கார்ட்ரிட்ஜின் வயர்களைக் கழற்றிவிட்டு, ஒரு சேனலின் (இடது அல்லது வலது பக்கத்தின்) இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டினால் உள்ளே கம்பிச்சுருள் இருக்கிறது, காந்த வகை. ஒன்றுமே காட்டவில்லை என்றால் செராமிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஊசியைத் திருப்பிப் போட ஒரு சின்னக் காது இருந்து, ஒரு பக்கம் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு), மறுபக்கம் எல்.பி. (பிறகு வந்த நீண்ட நேரத் தட்டு) என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் செராமிக்தான். செராமிக்கை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் வாயிலில் (சி.டி. பிளேயர் போன்றவற்றைச் செருகும் இடம்) கொடுக்கலாம். ஆனால் அதற்கு 1 மெகா ஓம் அளவு உள்தடை பிடிக்கும். சாதாரண ஆக்ஸில் பாஸ் மெலிந்து போகும். இடையே உள்தடை அதிகமுள்ள ஒரு சின்ன பஃபர் (சத்தத்தைப் பெருக்காமல் அப்படியே கடத்தும் சர்க்யூட்) வைத்தால் போதும்.

எந்த சர்க்யூட்டைச் செய்யச் சொல்கிறீர்கள்?

என்.ஈ.5532 என்ற எட்டுக்கால் ஐ.சி. ஒன்று. உள்ளே இரண்டு ஆம்ப் இருப்பதால் ஸ்டீரியோவுக்கு ஒன்றே போதும். இதைவிட விலை உயர்ந்தவை எத்தனையோ வந்துவிட்டன, ஆனாலும் காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இதன் இரைச்சல் மிகக் குறைவு, எங்கும் கிடைக்கும், தப்பாகத் தொட்டாலும் சட்டென்று சாகாது. முதல்முறை செய்பவருக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை.

ஒரு சேனலுக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதும் அச்சு அசல் அதேதான். உள்வரும் சாக்கெட்டிலிருந்து 22 மைக்ரோ ஃபாரட் பைபோலார் கெப்பாசிட்டர் வழியாக 3-ஆம் காலுக்கு. அந்தக் காலிலிருந்து 47 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. காந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்கு உலகம் முழுக்க இதுதான் அளவு. 2-ஆம் காலிலிருந்து 390 ஓமும் 220 மைக்ரோ ஃபாரட்டும் தொடராகக் கிரவுண்டுக்கு.

அப்புறம்தான் இதயம். 1-ஆம் காலிலிருந்து 2-ஆம் காலுக்குத் திரும்பி வரும் வழியில் இரண்டு ஜோடிகள் தொடராக நிற்க வேண்டும். முதல் ஜோடியில் 318 கிலோ ஓமும் 10 நானோ ஃபாரட்டும் இணையாக. இரண்டாவது ஜோடியில் 27 கிலோ ஓமும் 2.78 நானோ ஃபாரட்டும் இணையாக. 318 என்று கடையில் கேட்டால் கிடைக்காது; 300-ஐயும் 18-ஐயும் தொடராகப் போடுங்கள். 2.78-க்கு 2.7 நானோவும் 82 பிக்கோவும் இணையாக. முதல் ஜோடியைப் பெருக்கினால் 3180 மைக்ரோ செகண்ட், இரண்டாவதைப் பெருக்கினால் 75, இரண்டும் சேர்ந்து நடுவில் 318. வளைவின் மூன்று எண்களும் இவைதான். 50, 500, 2122 ஹெர்ட்ஸ் என்று சொல்வதும் இவற்றைத்தான்.

1-ஆம் காலிலிருந்து வெளியே 1 கிலோ ஓம், பிறகு 4.7 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், பிறகு சாக்கெட். சாக்கெட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். மற்ற சேனலுக்கு 3, 2, 1 என்ற கால்களுக்குப் பதில் 5, 6, 7. மின்சாரம் 8-இல் பிளஸ், 4-இல் மைனஸ். 8-க்கும் 4-க்கும் மிக அருகே ஆளுக்கொரு 100 நானோ ஃபாரட் கிரவுண்டுக்கு. ‘மிக அருகே’ என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள்.

இப்படிச் செய்தால் 1000 ஹெர்ட்ஸில் சுமார் 90 மடங்கு, அதாவது 39 டெசிபல் கிடைக்கும். 4 மில்லிவோல்ட் 360 ஆகிவிடும், எந்த ஆக்ஸுக்கும் அது போதும். உங்கள் கார்ட்ரிட்ஜ் 5, 6 மில்லிவோல்ட் தருவதாக இருந்தால் 390-க்குப் பதில் 470 ஓம் போடுங்கள்.

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எப்படிப்பட்டவை? எங்கே வாங்குவது?

ரெசிஸ்டர் எல்லாம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம். வளைவுக்கான நான்கு கெப்பாசிட்டரும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஸ்டைரீன். 82 பிக்கோ மட்டும் என்.பி.ஓ. (சூட்டில் அளவு மாறாத) செராமிக் பரவாயில்லை. மலிவான செராமிக்கில் 10 நானோ என்று எழுதியிருக்கும், அளந்தால் 8 இருக்கும், சூடானால் இன்னும் மாறும். கெப்பாசிட்டர் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பத்து வாங்கி அளந்து, இரண்டு சேனலுக்கும் ஒன்றுபோல் உள்ளதைப் பொறுக்கிப் போட்டால் பாடுபவர் குரல் இரண்டு ஒலிபெருக்கிக்கும் நட்டநடுவிலிருந்து கேட்கும்.

நாம் ஈப்போவில் தேடலாம், கோலாலம்பூர் போகிறவர்கள் புடுவில் ஜாலான் பசார் பக்கம் போனால் ஒரே நடையில் எல்லாம் முடிந்துவிடும். இணையத்தில் வாங்கும்போது ஐ.சி.யில் மட்டும் கவனம். பத்து ஐ.சி. ஒரு ரொட்டி சானாய் விலைக்கு வந்தால் அதன் மேலே எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஐ.சி.யை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் போட்டுச் செருகுங்கள், சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்க்கலாம்.

மின்சாரம் எப்படிக் கொடுப்பது? போன் சார்ஜர் போதுமா?

வேண்டாம். போன் சார்ஜர் வகை அடாப்டர்கள் உள்ளே வேகமாக வெட்டி வெட்டி மின்சாரம் தருபவை. அந்தக் கீச்சு ப்ரீஆம்பில் நுழைந்தால் துரத்துவது கஷ்டம். அதோடு, இந்த சர்க்யூட்டுக்குப் பிளஸ், மைனஸ் என்று இரண்டு மின்சாரமும் வேண்டும்.

முதலில் இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். ஒன்றின் பிளஸும் இன்னொன்றின் மைனஸும் சேரும் இடம் கிரவுண்ட். ஐ.சி. எடுப்பது சுமார் 8 மில்லி ஆம்பியர், நல்ல அல்கலைன் பேட்டரி 50 மணி நேரம் அளவு தாங்கும். பேட்டரியில் சுத்தமாகப் பாடிய பிறகே மெயின் மின்சாரத்துக்குப் போங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிக் கோளாறுகளைப் பிரித்துக் காட்டிவிடும்.

நிரந்தரத்துக்கு, வெளியே தனியாக நிற்கும் 15 வோல்ட் ஏ.சி. அடாப்டர் நல்லது. அடாப்டரின் வெளியீட்டில் ஏ.சி. என்றே எழுதியிருக்க வேண்டும், டி.சி. அல்ல. ஒரு டையோடு பிளஸுக்கு, எதிர்ப்பக்கமாக இன்னொன்று மைனஸுக்கு, ஆளுக்கு 2200 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர், பிறகு பிளஸை 15 வோல்ட்டில் நிறுத்தும் 7815, மைனஸை நிறுத்தும் 7915 என்ற ரெகுலேட்டர்கள். நம் சுவரில் வரும் 230 வோல்ட் பெட்டிக்குள் நுழையாது என்பதால் வீட்டில் பிள்ளைகள் இருந்தாலும் பயமில்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், மெயின் வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் 7815-இன் கால்கள் இடமிருந்து உள்ளே, கிரவுண்ட், வெளியே. 7915-இல் கிரவுண்ட், உள்ளே, வெளியே. நான் முதன்முதலில் இரண்டையும் ஒன்றுபோலவே மாட்டினேன். மைனஸ் 15 வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு எண் காட்டியது, ஐ.சி.யில் விரல் வைக்க முடியவில்லை. 7915-இன் உலோக முதுகும் கிரவுண்ட் அல்ல, அது உள்ளே வரும் மைனஸ். அதைப் பெட்டியில் திருகினால் ஷார்ட். ஐ.சி. 5532-ஐச் செருகுவதற்கு முன்பே காலி சாக்கெட்டில் 8-ஐயும் 4-ஐயும் அளந்துவிடுங்கள்.

உம்ம்ம் என்ற சத்தம் வருகிறது. என்ன செய்வது?

பத்துப் பேரில் எட்டுப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். இது ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். மெயின் 50 ஹெர்ட்ஸ். வளைவு 50 ஹெர்ட்ஸை 17 டெசிபல், அதாவது 7 மடங்கு கூடுதலாக ஏற்றுகிறது. 90-ஐ 7-ஆல் பெருக்கினால் 630. எங்கிருந்தோ 10 மைக்ரோவோல்ட் முனகல் ஒட்டிக்கொண்டால் அது 6 மில்லிவோல்ட்டாக வெளியே வரும். அது ஒலிபெருக்கியில் கேட்கும்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு ஆர்.சி.ஏ. பிளக்கில் நடுக்கம்பியையும் வெளிவளையத்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரைக் கழற்றிவிட்டு இவற்றை உள்வாயிலில் செருகுங்கள். வாயிலைச் சும்மா திறந்து வைத்துச் சோதிக்காதீர்கள், திறந்த வாயில் எப்போதும் முனகும்.

இப்போதும் முனகினால் குற்றம் ப்ரீஆம்பிலோ அதற்கு அப்பாலோ. பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரியில் நின்றுவிட்டால் மின்சாரப் பகுதியைத் திறக்க வேண்டும்; பெரிய கெப்பாசிட்டரின் கால் சரியாகப் பிடிக்காமல் இருக்கும், அல்லது ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்ட் போதாமல் இருக்கும். 15 வெளியே வர 17.5-க்குக் குறையாமல் உள்ளே வர வேண்டும். பேட்டரியிலும் நிற்கவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையரோடு வேறு எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். டி.வி., கம்ப்யூட்டர், கூரை மேல் சேட்டிலைட் தட்டு, ஒவ்வொன்றும் தனித்தனி வழியாகப் பூமிக்குப் போனால் அந்த வழிகளுக்குள் மின்சாரம் சுற்றும். எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினால் குற்றவாளி அகப்படும். இதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த்தை யாராவது வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அது உயிருக்குக் காவல்.

ஷார்ட் பிளக்கில் அமைதி, பிளேயரைச் செருகினால் முனகல் என்றால் பிளேயர் பக்கம். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஆர்ம் மேல் விரல் வையுங்கள். முனகல் குறைந்தால் ஆர்முக்கு எர்த் இல்லை என்று அர்த்தம். பிளேயரிலிருந்து தனியாக வரும் அந்த மெல்லிய எர்த் வயர், கவையாகப் பிரிந்த முனையோடு இருக்குமே, அதை ப்ரீஆம்பின் எர்த் திருகில் கட்டினீர்களா? பலர் அதைத் தேவையில்லாத வயர் என்று சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

போன வருடம் ஒரு தம்பி கொண்டுவந்த பிளேயரில் எர்த் வயர் அழகாகத் திருகில் இருந்தது, முனகலும் அழகாக இருந்தது. மணிக்கணக்கில் தேடினோம். கடைசியில் வயரை விரலால் உருட்டிக்கொண்டே வந்தபோது, கவைக்கு ஒரு அங்குலம் முன்னால் மட்டும் ரப்பர் குழைந்து மடங்கியது. கத்தியால் கீறினால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிவிட்டிருந்தது. வெளித்தோல் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தது. நம் ஊர் ஈரத்தில் செம்பு இப்படித்தான் போகும். அதனால் கண்ணால் பார்ப்பதோடு விடாமல், இரண்டு முனைக்கும் மீட்டர் வைத்து ஓம் பாருங்கள்.

எர்த்தும் சரி என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு ஊசிக்கால்கள். வெள்ளை இடது, நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது, பச்சை வலது கிரவுண்ட். நீலமோ பச்சையோ தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் முனகும். அப்புறம் இடம்: ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலேயே பிளேயரை வைத்தால் கார்ட்ரிட்ஜ் நேராக அந்தக் காந்தப்புலத்தை வாங்கும். ஆர்மை உள்ளே கொண்டுபோகப் போக முனகல் ஏறி இறங்கினால் இதுதான் காரணம். இரண்டு அடி தள்ளி வையுங்கள்.

பெட்டிக்குள் கிரவுண்ட் எப்படி ஓட வேண்டும்?

உலோகப் பெட்டி. பிஸ்கட் டின்கூடச் சரி, நான் அதில் செய்து ஓட்டியிருக்கிறேன். உள்வாயில் சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாமல் பிளாஸ்டிக் வளையத்தோடு நிற்க வேண்டும். சர்க்யூட்டின் கிரவுண்ட் எல்லாம் ஒரே புள்ளியில் கூட வேண்டும். பெட்டி அந்தப் புள்ளியை ஒரே ஒரு இடத்தில், உள்வாயிலுக்கு அருகில் தொட வேண்டும். எர்த் திருகும் அங்கேயே.

ஒரு பக்கம் மட்டும் மெல்லக் கேட்கிறது அல்லது கேட்கவே இல்லை.

உள்வரும் வயர்களை இடம் மாற்றுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் கார்ட்ரிட்ஜ் அல்லது வயர். மாறாமல் அங்கேயே நின்றால் ப்ரீஆம்ப். அப்போது 1-ஆம் காலையும் 7-ஆம் காலையும் கிரவுண்டோடு டி.சி.யில் அளவெடுங்கள். இரண்டிலும் 100 மில்லிவோல்ட்டுக்குள் ஏதோ ஒரு சிறிய எண் இருப்பது இந்த சர்க்யூட்டுக்கு இயல்பு, அதைத் தடுக்கத்தான் வெளியே கெப்பாசிட்டர் இருக்கிறது. ஒன்றில் 13, 14 வோல்ட் காட்டினால் அந்தப் பக்கத்தில் 47 கிலோ ஓமோ திரும்பி வரும் வழியோ அறுந்திருக்கிறது. ஈயம் மங்கலாக, மணல்போல் நிற்கும் இடத்தைத் தேடி மறுபடி சூடு காட்டுங்கள்.

பாட்டு வருகிறது, ஆனால் குரல் தகரம்போல் கீச்சென்று இருக்கிறது. இன்னொரு நண்பருக்கு மந்தமாக, கம்பளி போர்த்தியதுபோல் இருக்கிறது.

இரண்டுக்கும் முதல் சந்தேகம் தப்பான அளவு. கெப்பாசிட்டரில் 103 என்றால் 10 நானோ, 104 என்றால் 100 நானோ, 272 என்றால் 2.7 நானோ. 1 சதவீத ரெசிஸ்டரில் ஐந்து கோடு இருக்கும். 27 கிலோவுக்குச் சிவப்பு, ஊதா, கருப்பு, சிவப்பு, கடைசியில் பழுப்பு. கடைசிக் கோடு ஆரஞ்சு என்று தோன்றினால் விளக்கை மாற்றிப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன், ஒவ்வொன்றையும் பற்றவைக்கும் முன் மீட்டரில் வைக்கிறேன்.

அளவெல்லாம் சரி, இருந்தும் ‘ச’, ‘ஸ’ உறுத்துகிறது என்றால் வயரின் கெப்பாசிட்டன்ஸ். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சுருளும் வயரில் சேரும் கெப்பாசிட்டன்ஸும் ஓரிடத்தில் ஒத்து அதிரும். 550 மில்லி ஹென்றிச் சுருளுக்கு 200 பிக்கோ ஃபாரட் சேர்ந்தால் அது 15,000 ஹெர்ட்ஸில் நடக்கும், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. நீள வயர் போட்டு 400 ஆக்கினால் 10,700-க்கு இறங்கி வந்து குரலின் ஓரத்தைக் கூராக்கும். வயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். கார்ட்ரிட்ஜின் தாளில் எத்தனை பிக்கோ பிடிக்கும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். தேய்ந்த ஊசியும் இதே சத்தம்தான் தரும். அதுவும் தட்டின் உள்வட்டப் பாட்டுகளில் இன்னும் மோசமாக இருக்கும். ஊசியைச் சந்தேகிக்காமல் சர்க்யூட்டைப் பிரித்துப் போடாதீர்கள்.

நடுவில் ரேடியோ பேசுகிறது. போன் வந்தால் ‘டிட் டிட்’ என்கிறது.

உள்வாயில் சாக்கெட்டின் காலிலேயே ஒரு ஃபெரைட் மணியைக் கோத்து, பிறகு 100 ஓம் தொடராக, ஐ.சி. பக்கம் 47 பிக்கோ கிரவுண்டுக்கு. இந்த 47-ஐயும் மேலே சொன்ன வயர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி மூடி சரியாகத் தொடுகிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் அடித்த மூடி மூடாததற்குச் சமம்.

மழை நாளில் மட்டும் பொரிவது போன்ற சத்தம் ஏன்?

பற்றவைத்தபோது வழிந்த ஃப்ளக்ஸ். 318 கிலோ ஓம் இருக்கும் இடத்தைச் சுற்றி அந்தப் பசை ஈரத்தைக் குடித்து, மின்சாரத்துக்குத் திருட்டு வழி கொடுக்கும். ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, வெயிலில் காய வையுங்கள். சாக்கெட்டுகளையும் அப்படியே. பெட்டியின் ஓட்டைகளை வலை வைத்து அடைத்துவிடுங்கள். கதகதப்பான இடம் என்று பல்லியும் எறும்பும் குடிவந்துவிடும், எறும்பின் ஈரம் இரண்டு கால்களை இணைத்து வைத்திருந்ததை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் அதுவும் இப்படித்தான் பொரியும். சுத்தமான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, மறுபடி வெறும் தண்ணீர். ஆல்கஹாலை 78 தட்டுகளில் தொடவே கூடாது, அந்த அரக்கு கரைந்துவிடும்.

வேறு விலை உயர்ந்த ஐ.சி. போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா?

எர்த் சரியில்லாத பெட்டியில் எதைப் போட்டாலும் ஒன்றுதான். எல்லாம் சரியான பிறகு மாற்றிக் கேளுங்கள், உங்கள் காதுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிலோஸ்கோப் இல்லாமல் வளைவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

போனில் ஒலி எழுப்பும் ஆப் ஒன்றைப் போட்டு, காது வாயிலிலிருந்து 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் இரண்டையும் தொடராக வைத்து, 1 கிலோ ஓமின் மேல் வருவதை ப்ரீஆம்புக்குக் கொடுங்கள். நூறில் ஒரு பங்காகும், கார்ட்ரிட்ஜ் அளவு. வெளியே வருவதைக் கம்ப்யூட்டரின் லைன் வாயிலில் பதிவு செய்து அளவைப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸை அளவுகோலாக வைத்தால் 100 ஹெர்ட்ஸ் 13 டெசிபல் மேலேயும், 10,000 ஹெர்ட்ஸ் 13.7 கீழேயும் இருக்க வேண்டும். அரை டெசிபலுக்குள் இருந்தால் நிம்மதியாக மூடியைத் திருகிவிடுங்கள். மலிவான மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு 10,000 ஹெர்ட்ஸில் பொய் சொல்லும், அதில் பார்க்காதீர்கள்.

அப்பா வைத்திருப்பது எல்லாம் 60-களின் படப்பாட்டுத் தட்டுகள். அதற்கு ஏதாவது தனியாக வேண்டுமா?

அவற்றில் நிறைய மோனோ, அதாவது இரண்டு பக்கத்திலும் ஒரே ஒலி. இரண்டு சேனலின் வெளிவாயிலையும் ஒன்றாக இணைக்கும் ஒரு சுவிட்ச் வையுங்கள். வெளியே 1 கிலோ ஓம் போடச் சொன்னது இதற்காகவும்தான், ஆம்புகள் ஒன்றையொன்று முட்டாது. மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது. தூசியும் தேய்மானமும் மேலும் கீழுமாகவும் ஆட்டும். இரண்டையும் சேர்த்தால் அந்த மேல்கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பாட்டியம்மா வீட்டில் இந்த சுவிட்சைத் தட்டியபோது, மழையில் நின்று பாடிய குரல் வாசலுக்குள் வந்ததுபோல் இருந்தது. அவர் பேசவில்லை, கையை மட்டும் காட்டி, மறுபடி தட்டச் சொன்னார்.

78 தட்டுகளுக்கு இந்த ப்ரீஆம்ப் மட்டும் போதாது. ஊசி அகலமாக, சுமார் 75 மைக்ரான் வேண்டும், எல்.பி. ஊசி 18 மைக்ரான்தான், பள்ளத்தின் அடியில் போய் உரசும். வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.

இடி மின்னல் நேரத்தில்?

நம் பக்கம் சாயங்கால இடியைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். அடாப்டர், ஆம்ப்ளிஃபையர், பிளேயர் மூன்றையும்.

எல்லாம் முடிந்தது. முதலில் எந்தத் தட்டைப் போடுவது?

அப்பாவின் தட்டை அல்ல. கீறல் விழுந்த, போனால் பரவாயில்லை என்கிற ஒன்றை எடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைச் சுழியத்தில் வைத்துவிட்டு முதலில் ப்ரீஆம்பைப் போடுங்கள், பத்து விநாடி கழித்து ஆம்ப்ளிஃபையர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபையர். ஊசியை வெளிவட்டத்தில், பாட்டுக்கு முந்தின வெற்றுப் பள்ளத்தில் இறக்கிச் சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். தட்டு உரசும் ‘உஸ்’ மட்டும் கேட்டு, அதற்கு அடியில் முனகல் எதுவும் இல்லை என்றால், நிறுத்திவிட்டுப் போய் அலமாரிக்கு மேலே இருக்கும் சேலை மூட்டையை இறக்குங்கள்.